பெண்ணோடு வந்த குட்டிக்குப் பெல்ட் போட்ட கதை

எங்கள் ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் பின்னாலேயே ஒரு நாய்க்குட்டியும் போகும். எல்லா வீட்டிலும் இல்லை, கன்னி நாய் வளர்க்கிற சில வீடுகளில் மட்டும். கன்னி என்பது கரிசல் பக்கத்து வேட்டை நாய். கறுப்பு உடம்பு, ஒட்டிய வயிறு, நீண்ட மூஞ்சி, கண்ணுக்கு மேலே செம்பழுப்பில் இரண்டு பொட்டு. எங்கள் வீட்டில் அதை விற்பது கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பதும் கிடையாது. பெண் வாழப்போன வீட்டுக்கு, அந்த வருஷம் ஈன்றதில் ஒரு குட்டி போகும். போன குட்டி திரும்பி வரக் கூடாது. வந்தால் அந்த வீட்டில் பெண்ணுக்கு இடமில்லை என்று அர்த்தம். என் பெரியப்பா மகள் வீட்டிலிருந்து ஒரு குட்டி அப்படித்தான் திரும்பி வந்தது. அறுவடை முடிவதற்குள் அக்காவும் பெட்டியோடு வந்துவிட்டாள்.

நான் புதூர்ப் பக்கத்தில் பிறந்து கோவில்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டவள். கல்யாணம் நடந்தது வைகாசியில். என் கணவர் பைப், மோட்டார் சாமான்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். வீட்டில் நாங்கள் இருவரும் அவருடைய அம்மாவும்தான். மாமா நான் வருவதற்கு முன்பே தவறிவிட்டார். அவர்களும் பூர்வீகத்தில் விவசாயம் பார்த்த சம்சாரிகள்தாம். ஆனால் இரண்டு தலைமுறைக்கு முன்பே டவுனுக்கு வந்து கடை போட்டுவிட்டதால், கம்பு சோளத்தோடு நாய் வழக்கத்தையும் மறந்துவிட்டார்கள். ஆவணியில் என் அண்ணன் பைக்கின் முன்னால் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு வந்து இறங்கினான். பைக்குள்ளிருந்து ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"இது எதுக்குய்யா?" என்று அத்தை கேட்டார்.

"வழக்கம் அத்தை" என்றான் அண்ணன். காப்பியைக் குடித்தான், போய்விட்டான். எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஒன்றை விளக்கிச் சொல்வதென்றால் வேப்பங்காய்.

அத்தை கெட்டவர் இல்லை. நாய் தெருவில் இருக்க வேண்டிய ஜீவன், வீட்டில் இருக்க வேண்டியது மனுஷர்கள் என்பது அவருடைய சட்டம், அவ்வளவுதான். எங்கள் தெரு நேராகப் போய் பைபாஸ் ரோட்டில் முட்டும். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போகிற வண்டி எதுவும் அங்கே வேகத்தைக் குறைத்து யாரும் பார்த்ததில்லை. அதை நினைத்துத்தான் அவர் நிபந்தனை போட்டார்.

"வந்தது இருக்கட்டும். ஆனா பெல்ட்டுப் போட்டுக் கயித்தப் புடிச்சா கூட நடக்கணும். கட்டுனா கட்டுன எடத்துல கெடக்கணும். ரோட்டப் பாத்து ஓடுச்சுன்னு வையி, அன்னைக்கே ஒங்க ஊருக்கு அனுப்பிருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

என்ன சொல்கிறோம் என்று தெரியாமல்தான் சொன்னார். கணவரிடம் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். "நாய்க்குட்டிக்கும் சம்பந்தத்துக்கும் முடிச்சா? நல்ல ஊருதான் போ" என்று சிரித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். அத்தையிடம் எப்படிச் சொல்வது? வைகாசியில்தான் வந்த மருமகள் அதைச் சொன்னால் மிரட்டுகிற மாதிரித்தான் இருக்கும். பேசாமல் குட்டியைப் பழக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பஜாரில் மாட்டு மணியும் தாம்புக் கயிறும் விற்கிற கடையில், முன்பக்கம் நாய் பெல்ட்டுகள் தொங்கும். கணவரோடு போனபோது சிவப்பு நைலானில் சின்ன மணி வைத்த ஒன்றையும், அதே நிறத்தில் ஒரு கயிற்றையும் வாங்கினேன். கடைக்காரர் கழுத்து அளவு கேட்டார். என் மணிக்கட்டைக் காட்டினேன். அவர் என்னையும் மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

பெல்ட்டை மாட்டியதும் குட்டி அப்படியே நின்றுவிட்டது. ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. கழுத்தில் கிடப்பது என்னவென்று திரும்பிப் பார்த்தது. திரும்பும்போதெல்லாம் அதுவும் கூடவே வந்தது. மணி வேறு கிணுங்கியது. பின்காலால் கழுத்தைப் பிறாண்டி, நிலை தவறி விழுந்து, எழுந்து, மறுபடியும் பிறாண்டியது. கடைசியில் மொசைக் தரையில் நாலு காலையும் பரத்திப் படுத்துக்கொண்டது. கயிற்றைப் பிடித்து லேசாக இழுத்தேன். தரை துடைக்கிற துணி மாதிரி படுத்தபடியே வழுக்கிக்கொண்டு வந்தது. அத்தை சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இழு. வீடு பெருக்குன மாதிரியும் ஆச்சு" என்றார்.

அப்புறம் நான் செய்தது சுத்தக் கிராமத்துக்காரி வேலை. எங்கள் வீட்டில் ஆடு உண்டு. பால் மறந்த ஆட்டுக்குட்டியைக் கயிற்றுக்குப் பழக்குவது என்றால், ஒரு முளையில் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் கத்தும், குதிக்கும், கயிற்றைச் சுற்றிக்கொள்ளும். பிறகு வாயருகே கிடக்கிற வேப்பங்குழையைக் கடித்துப் பார்க்கும். கடித்துவிட்டால் பழகிவிட்டது என்று பொருள். நாய்களைப் பழக்குவது அண்ணன் வேலை, நான் கவனித்ததே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆடுதான். ஆகவே குட்டியைப் பின்பக்கத் தண்ணீர்க் குழாயில் கட்டி, பக்கத்தில் பால்சோறு வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

அது கத்தியது. ஆடு கத்துவதில் ஒரு சலிப்பு இருக்கும். கன்னிக்குட்டி கத்தினால் யாரோ அதன் தோலை உரிக்கிற மாதிரி இருக்கும். கத்தித் தீரட்டும் என்று இருந்தேன். தீரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏட்டி, அதக் கொல்லுதியா வளக்கியா?" என்று கேட்டாள். ஒரு கட்டத்தில் சத்தம் நின்றது. பழகிவிட்டது என்று ஜம்பமாகக் கதவைத் திறந்தேன். குழாயில் கயிறு இருந்தது, கயிற்றில் பெல்ட் இருந்தது, குட்டி இல்லை. கன்னி நாய்க்குக் கழுத்துக்கும் தலைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பின்னால் சாய்ந்து ஒரு இழுப்பு இழுத்தால் பெல்ட் காது வழியாகக் கழன்று வந்துவிடும். துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது. நான் கிட்டே போனதும் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. அதைப் பார்க்க எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டுத் திட்டினேன். நாயைக் கொடுத்தவன் வித்தையையும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டாமா?

"ஆட்டக் கட்டுத மாதிரி கட்டுனியாக்கும்?" என்று அவன் சிரித்தான். "சோறு திங்கும்போது மட்டும் பெல்ட்டப் போடு. தின்னு முடிச்சதும் கழட்டிரு. அது அத மறக்கணும். பெறவு கயித்த மாட்டி, புடிக்காம விடு. இழுத்துக்கிட்டுத் திரியட்டும். நீ இழுக்கவே கூடாது, கேட்டியா? கயிறு தொய்வாவே கெடக்கணும்."

அதன்படிச் செய்தேன். சொல்வது எளிது. முதலில் சோற்றுத் தட்டைக் கண்டாலும் கிட்டே வர மறுத்தது. பெல்ட் வந்துவிடும் என்ற பயம். பெல்ட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் சும்மா போட்டு வைத்தேன். மோந்து பார்த்தது, நக்கியது, ஒரு நாள் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய்க் கடித்தது. கடிக்கிற பொருள்மேல் அதற்குப் பயம் போய்விட்டது. மணியை வெட்டி எறிந்தேன். அதற்குப் பிறகு கழுத்தில் போட்டாலும் தின்பதை நிறுத்தவில்லை. கயிற்றை மாட்டிவிட்டால் அது பின்னால் ஊர்ந்து வருவதைத் துரத்திக்கொண்டு வட்டமடித்து விளையாடியது. வீட்டில் கயிறு சிக்காத இடம் இல்லை. நாற்காலிக் கால், கிரைண்டர், ஒரு முறை அத்தையின் கால். திட்டினார். ஆனால் குனிந்து சிக்கெடுத்தும் விட்டார். எடுத்த கையோடு சோப்புப் போட்டுக் கழுவினார்.

ஒரு சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்குகிறேன், அத்தை கூடத்தில் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தபடி நிற்கிறார். இன்னொரு கையில் பொரிகடலை டப்பா. ஒரு கடலையைக் காட்டி, "வா… வாட்டி… இங்கன வா" என்கிறார். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே நடக்கிறது. என்னைப் பார்த்ததும் கயிற்றைப் போட்டுவிட்டார். "சனியன், கால்ல வந்து விழுது. அதான் நகத்திவிட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு சட்னிக்கு வாங்குகிற பொரிகடலை வாரக் கடைசி வரை நிற்கவில்லை. நானும் கேட்கவில்லை.

புரட்டாசியில் தெருவில் இறக்கினேன். வீட்டுக்குள் ராஜா மாதிரி நடந்தது, வாசலைத் தாண்டியதும் தண்ணீர் லாரியைப் பார்த்து நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டது. நானும் பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டேன். தீப்பெட்டிக் கம்பெனி வேன் ஆள் ஏற்றிக்கொண்டு போகும். வேனுக்குள் இருந்த பெண்களெல்லாம் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். "நாய நீ நடத்துதியா, நாய் ஒன்ன நடத்துதா?" என்று இஸ்திரிக்காரர் தினமும் கேட்பார். தினமும் அதே கேள்வி. உண்மையில் நடத்தியது நாய்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தத் தெருவில் நான் தனியாக நடந்ததே இல்லை. கோயிலுக்கு அத்தையோடு, கடைத்தெருவுக்குக் கணவரோடு. குட்டியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்ததால்தான் தெருவில் எனக்கு நாலு முகம் தெரிந்தது. காலையில் கயிற்றை எடுக்கும்போது எனக்கு அத்தனை சந்தோஷமாக இருக்கும். அந்த வீட்டில் எங்கள் ஊர் வாசனையோடு என் கூட இருந்தது அது ஒன்றுதான்.

தீபாவளிக்கு முந்தின வாரம்தான் எல்லாம் கெட்டது. எங்களுக்கு அது தலைதீபாவளி. ஐப்பசி மழை பெய்து விட்டிருந்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து முறையாக அழைப்பதாகச் சொல்லியிருந்தார். அன்று காலை குட்டியோடு திரும்பி வருகிறேன். வாசலில் அத்தை கீரை வாங்கிக்கொண்டிருந்தார். யாரோ மாடியிலிருந்து ஒரு வெடியைக் கொளுத்தித் தெருவில் போட்டார்கள். அது வெடித்ததுதான் தெரியும். குட்டி பின்னால் ஒரு துள்ளு துள்ளியது. கழுத்து இறுகுமே என்று நான் பெல்ட்டை ஒரு ஓட்டை தள்ளித்தான் போட்டிருந்தேன். கையில் கயிறு இருந்தது, பெல்ட் இருந்தது, அவ்வளவுதான். குட்டி பைபாஸைப் பார்த்து ஓடியது.

நான் வெறும் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடியது அத்தை. கீரைக்கட்டைப் போட்டுவிட்டு, செருப்பில்லாமல், அந்த உடம்பை வைத்துக்கொண்டு அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ரோட்டோரத்துச் சரளைக்கல்லில் விழுந்தபடியே அதன் பின்காலைப் பிடித்துவிட்டார். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே அவர் தலைமாட்டைக் கடந்து போனது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் முட்டியில் தோல் வழண்டு, சேலை கிழிந்து, குட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

காயத்துக்குக் கட்டுப் போட்டு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "அனுப்பிரு."

"அத்தை, பெல்ட்டு லூசாப் போட்டது என் தப்பு."

"யார் தப்போ. என் கண்ணு முன்னால அது அடிபட்டுச் சாவ நான் பாக்க மாட்டேன். காட்டுல கெடக்க வேண்டியத ரோட்டுல கொண்டாந்து வச்சிருக்கோம்."

அன்று மத்தியானமே என் கணவர் புதூருக்கு லோடு ஏற்றிப்போன கடையின் குட்டியானை வேனில் குட்டியை ஏற்றிவிட்டார். "ரெண்டு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வருவோம்" என்றார். "ஒங்களுக்கு ஒரு தடவ சொன்னாப் புரியாதா?" என்று கத்தினேன். டிரைவரிடம் எங்கள் வீட்டு அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அழுதது குட்டிக்காகவா எனக்காகவா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அப்பாவுக்குப் போட்டேன், அவரும் எடுக்கவில்லை. எங்கள் ஆண்கள் போனில் பேசித் தீர்க்கிறவர்கள் இல்லை.

மறுநாள் காலையில் வந்துவிட்டார்கள். அப்பாவும் பெரியப்பாவும். சலவை வேட்டி, சட்டை. கையில் பழத்தட்டு இல்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள்.

"வாங்க அண்ணாச்சி, என்ன வெளியிலயே நிக்குதீங்க? அழைக்க ஞாயித்துக்கெழமதான வாரதாச் சொன்னாவ?" என்று அத்தை காலைத் தாங்கித் தாங்கி வந்தார்.

"இருக்கட்டும் தங்கச்சி" என்றார் அப்பா. தண்ணீர்ச் செம்பை நீட்டினேன், வாங்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. "குட்டி வந்து சேந்துட்டு. பின்னால எங்க பிள்ள எப்ப வருதுன்னு கேட்டுட்டுப் போவோம்னு வந்தோம்."

அத்தைக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பாதான் வழக்கத்தைச் சொன்னார், தன் மகள் கதையோடு சேர்த்து. அத்தை மெல்லத் திரும்பித் தன் மகனைப் பார்த்தார்.

"ஏலே, ஒனக்குத் தெரியுமா இது?"

"அவ சொன்னா. நான் வெளாட்டுன்னு நெனச்சேன்ம்மா."

நாற்பது பேருக்குக் கடன் கொடுத்து வாங்குகிற வியாபாரி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அத்தை கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்பா எதிரில் நின்றார்.

"அண்ணாச்சி, எனக்கு நாய வளக்கத் தெரியலன்னு சொல்லுங்க, ஒத்துக்கிடுதேன். மருமகள வச்சிக்கிடத் தெரியலன்னு மட்டும் சொல்லிராதீங்க." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். பிறகு மகனிடம், "வண்டிய எடு" என்றார்.

அப்பாவும் பெரியப்பாவும் முன்னால் போய்விட்டார்கள். எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் தார் ரோட்டோடு எங்கள் குட்டியானை நின்றுவிட்டது. மழை பெய்த கரிசலில் அதற்குமேல் சக்கரம் உருளாது. வீடு வரை நடந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் மண் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டது. அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். உளுந்தங்காட்டில் நின்றவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சம்பந்தக்கார அம்மா கட்டுப்போட்ட காலோடு சேற்றில் நடந்து வருவதை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை.

குட்டி தொழுவத்தில் தாய் பக்கத்தில் கட்டிக் கிடந்தது. அதன் கழுத்தில் அண்ணன் அகலமான ஒரு தோல் பட்டையை, இரண்டு விரல் மட்டும் நுழைகிற மாதிரி அளவாகப் போட்டிருந்தான். எங்களைக் கண்டதும் கயிறு அறுகிற மாதிரித் துள்ளியது. அம்மா அத்தைக்கு மோர் கொடுத்தாள். "நான் தூக்கிட்டு வந்து வண்டியில விட்டுருதேன் மயினி" என்றாள்.

"வேண்டாம். தூக்கிட்டுப் போனா களவாண்டுட்டுப் போற மாதிரி இருக்கும்" என்று அத்தை கயிற்றை வாங்கிக்கொண்டார்.

தெருக் கடைசி வரை நன்றாக வந்தது. அங்கே தொழுவத்திலிருந்து தாய்நாய் குரைத்தது. குட்டி நின்றது. திரும்பிப் பார்த்தது. சேற்றில் உட்கார்ந்துகொண்டது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை இழுக்கவில்லை. கடலை எதுவும் கொண்டுவரவில்லை. கூப்பிடக்கூட இல்லை. வலிக்கிற காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, கயிற்றைத் தொய்வாக விட்டு அப்படியே நின்றார். குட்டி மறுபடியும் ஒரு முறை திரும்பிப் பார்த்தது. பிறகு எழுந்து, உடம்பை உதறி அவர் சேலையெல்லாம் சேற்றைத் தெளித்துவிட்டு, அவர் காலோடு ஒட்டி நடந்தது.

வண்டியைக் கணவர் ஓட்ட, பக்கத்தில் நானும் அத்தையும் நெருக்கி உட்கார்ந்தோம். குட்டி அத்தை மடியில் தூங்கிவிட்டது. ஒரு கையில் கயிற்றைச் சுற்றிப் பிடித்திருந்தார். இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கோவில்பட்டி வந்து வீட்டு வாசலில் வண்டி நிற்கும்வரை இரண்டையும் விடவில்லை. எனக்குக் கை மரத்துப் போயிருந்தது. விடுங்கள் என்று நானும் சொல்லவில்லை.